மீட்கப் போய் நான் அழித்த ஃபைல்

மறைமலை நகரில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து போன மாதம் ஒரு போன் வந்தது. இப்போது கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைமை வகிக்கும் தீபா பேசினாள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மையில், எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதை என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள்.

"சார், தகவல் பாதுகாப்பு பத்தி ஒரு சின்ன மலர் போடறோம். உங்க சாதனையைப் பத்தி எழுதித் தாங்க. டெலீட் ஆன ஃபைலை எல்லாம் நீங்க மீட்டுக் கொடுத்ததா பசங்க சொல்றாங்க."

"எந்தப் பசங்க?"

"உங்களோட வேலை பாக்காத பசங்க, சார்."

தாம்பரத்தில் என் வீட்டு பால்கனியில் இரண்டு நாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். என்ன யோசனை என்று மனைவி கேட்டாள். என் சாதனையைப் பற்றி எழுத வேண்டும் என்றேன். "அதுக்கு எதுக்கு ரெண்டு நாள்?" என்று கேட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள். அவள் சொன்னது சரி. எழுதுவதற்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் சாதனை இல்லை. ஒரு ஃபைலை மீட்பதற்கென்றே செய்யப்பட்ட மென்பொருளை வைத்து அதே ஃபைலை அழித்தவன் நான். அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் தீபாவின் இஷ்டம்.

நான் படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். பிறகு குரோம்பேட்டையில் ஒரு ஸ்வீட் கடைக்கு மாடியில் ஆறு மாத கம்ப்யூட்டர் படிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏ.சி. அறைக்குள் போக வேண்டும் என்பதே நான் அங்கே முதலில் கற்ற பாடம். கடைசியில் கற்றதும் ஏறக்குறைய அதுதான். அந்தச் சான்றிதழை நம்பி எனக்கு வேலை கொடுத்த தொழிற்சாலையை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

எங்கள் பிரிவின் மேனேஜர் கரீம் சார். பல்லாவரத்துக்காரர். முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டுப் பித்தானைக்கூட விடாமல் போட்டிருப்பார். வாட்ச்மேன் முதல் ஜெனரல் மேனேஜர் வரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அதனால் அவர் கிசுகிசுத்தாலே நாங்கள் தலையைக் குனிந்து வேலை பார்க்க ஆரம்பித்துவிடுவோம். யாராவது "ஃபைலைக் காணோம்" என்று கூப்பிட்டால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் நுழைவார்.

"கை முன்னால இருந்தா அது எதையாவது தொடும், சம்பத். மொதல்ல பாருங்க. அப்புறம் யோசிங்க. அதுக்கப்புறமும் தொடாதீங்க."

டெலீட் என்றால் என்ன என்பதை நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தார். அபார்ட்மென்ட் வாசலில் யார் யார் எந்த வீடு என்று ஒரு பலகை இருக்கும் இல்லையா? நாம் ஒரு ஃபைலை டெலீட் செய்தால் கம்ப்யூட்டர் அந்தப் பலகைக்குத்தான் போகிறது. அந்தக் காலத்து மெஷின்களில் பெயரின் முதல் எழுத்தை மட்டும் அழித்துவிட்டு, 'இந்த வீடு காலி' என்று குறித்துக்கொள்ளும். வீட்டுக்குள் குடும்பம் அப்படியே இருக்கும். சோறு வெந்துகொண்டிருக்கும். புதுக் குடித்தனம் சாமான்களோடு வந்து இறங்கும்போதுதான் பழையவர்கள் இல்லாமல் போவார்கள். அதனால் ஃபைல் தொலைந்த டிஸ்கில் புதிதாக ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது. இவ்வளவுதான் பாடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

எனக்கும் புரிந்தது. புரிந்ததற்கும் அதன்படி நடப்பதற்கும் நடுவே எத்தனை தூரம் என்பதை இரண்டு முறை அளந்து பார்த்தேன்.

முதல் முறை சிரிப்போடு போயிற்று. பழைய கம்ப்யூட்டர்களை விற்கும்போது அவற்றிலிருந்த தகவலை முழுவதுமாக அழித்துவிட்டதாக நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஒவ்வொன்றையும் அவசர ஃபார்மட் செய்வேன். அது முடிய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. அதாவது பலகையை மட்டும் துடைத்துவிட்டு, மொத்தக் குடியிருப்பும் காலி என்று கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் கழித்து, அவற்றை வாங்கிய தாம்பரம் வியாபாரி ஒரு டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"இன்னா சார் இது? உங்க மொத்த ஆபீசும் இதுல கீது! லீவ் லெட்டரு, மெமோ, எல்லாம் கீது. என் கைல கெடைச்சதால பரவால்ல. வேற எவன்னா வாங்கியிருந்தா பேஜாராய்டும்."

அந்த டிஸ்கில் இன்னொன்றும் இருந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்கு வேலை கேட்டு நான் ரகசியமாக எழுதிய விண்ணப்பம். கரீம் சார் அதை அச்செடுத்து, ஆங்கிலப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி என் மேஜையில் வைத்திருந்தார். ஏழு பிழை. அன்றைக்கே புது விதி வந்தது: விற்பதற்கு முன் டிஸ்க் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும், அது முடியாவிட்டால் கழற்றித் துளையிட வேண்டும். துளையிடும் வேலை எனக்கு. மூன்று மாதம் டிரில்லிங் மெஷினும் கையுமாகத் திரிந்தேன்.

இரண்டாவது முறை சிரிப்பு வரவில்லை.

டெஸ்ட் ரூமில் கஸ்தூரி என்றொரு பெண் இருந்தாள். கோவளம் பக்கத்துக் கடற்கரைக் குப்பம். அப்பா கட்டுமரம், அம்மா மீன் கூடை. அந்தக் குடும்பத்தில் டிப்ளமோ படித்து கம்பெனி அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள் அவள். வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம். இன்னும் இரண்டு மாதத்தில் நிரந்தரமாகி இருக்க வேண்டும். பிரேக் குழாயைப் பிடித்து நிறுத்துகிற ஒரு சின்ன நட்டு எங்களிடம் தயாராகும். அது போதிய கடினத்தோடு இருக்கிறதா என்று மெஷினில் வைத்து அழுத்திப் பார்ப்பது அவள் வேலை. அளவு முப்பத்திரண்டுக்கு மேல் வந்தால் காருக்குப் போகலாம். கீழே வந்தால் அந்த லாட்டே, அதாவது ஒரே தடவையில் செய்த அத்தனை நட்டுமே, போகக்கூடாது.

ஒரு லாட் போய்விட்டது. கார் கம்பெனி அதைத் திருப்பி அனுப்பியது. நட்டுகள் மெத்தென்று இருக்கின்றன என்று புகார். தரப் பிரிவு மேனேஜர் உடனே சொன்னார்: "டெஸ்ட் பண்ணவே இல்ல. அந்தப் பொண்ணு சும்மா உக்காந்திருக்கு." கஸ்தூரியோ, சோதித்தேன், அளவு குறைவாக வந்தது, அனுப்பக்கூடாது என்று ரிப்போர்ட்டில் பதிந்தேன் என்றாள். ரிப்போர்ட் எங்கே? டெஸ்ட் ரூம் கம்ப்யூட்டரில் இருந்தது, இப்போது காணோம். காகிதத்தில் அச்செடுக்கவில்லையா? பிரிண்டருக்கு மை ரிப்பன் இல்லை. ரிப்பன் கேட்டு அவள் எழுதிய சீட்டு இரண்டு வாரமாக என் மேஜையில்தான் கிடந்தது. அந்தக் கம்ப்யூட்டரை யாரெல்லாம் திறக்க முடியும்? யார் வேண்டுமானாலும். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட், அதைச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்தவன் நான்தான். சோதித்த நட்டுகள் வழக்கம்போல உருக்கப் போய்விட்டன. ஆக, அந்த ஃபைல் கிடைத்தால் அவள் தன் வேலையைச் செய்தாள், வேறு யாரோ மீறி அனுப்பினார்கள் என்று ஆகும். கிடைக்காவிட்டால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் அவள் எங்கள் அறைக்கு ஓடி வந்தபோது கரீம் சார் தொழுகைக்குப் போயிருந்தார். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவார்.

"கரீம் சார் வரட்டும் சார். நான் வெயிட் பண்றேன்," என்றாள் கஸ்தூரி.

"இதுக்கெல்லாம் அவர் எதுக்கும்மா? நான் இருக்கேன் இல்ல?"

இந்த வாக்கியத்தை என் நெற்றியில் எழுதி ஒட்டலாம். அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஃபைல் மீட்கிற மென்பொருள் ஒன்று சி.டி.யில் இலவசமாக வந்திருந்தது. அதை எங்கேயாவது காட்ட வேண்டும் என்று எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. டெஸ்ட் ரூமுக்குப் போனேன். சி.டி.யைப் போட்டேன். அந்த மெஷினில் இருந்ததே ஒரே டிஸ்க். அதிலேயே இன்ஸ்டால் செய்தேன். நடுவில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெட்டி வந்தது. அதைப் படிக்கிறவன் என்ன நிபுணன்? சரி, சரி, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போனேன். கஸ்தூரி என் தோளுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றிருந்தாள்.

தேடச் சொன்னேன். வந்துவிட்டது. முதல் எழுத்து மட்டும் போய், லாட் எண்ணோடு அவளுடைய ஃபைலின் பெயர். தேதி சரியாக இருந்தது, லாட் அனுப்பப்பட்டதற்கு முந்தின நாள். "பாத்தியா?" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஃபைலைத் திறந்தேன். உள்ளே அளவுகள் இல்லை. ஆங்கிலத்தில் ஏதோ கட்டுரை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். 'எங்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. மிக முக்கியம்: எந்த டிஸ்கிலிருந்து ஃபைலை மீட்க வேண்டுமோ, அந்த டிஸ்கில் இதை ஒருபோதும் இன்ஸ்டால் செய்யாதீர்கள்.'

நான் இன்ஸ்டால் செய்த மென்பொருள், காலி என்று குறிக்கப்பட்ட இடம் தேடிப் போய், தன்னுடைய குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுபோய் கஸ்தூரியின் ரிப்போர்ட் மேலேயே இறக்கி வைத்திருந்தது. நான் படிக்காமல் தாண்டிய எச்சரிக்கையும் அதே புத்தகத்தில்தான் இருந்தது. சட்டென்று அந்த ஃபைலை மூடினேன்.

"இன்னா சார் ஆச்சு?"

"ஃபைல் கெட்டுப் போயிருக்கும்மா."

"யாரு கெடுத்தது?"

"டிஸ்க் பழசு இல்ல... அப்படித்தான் ஆகும்."

அவள் நம்பினாள். கம்ப்யூட்டர் சார் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? நான் என் அறைக்கு வந்து, 'தேடியதில் ஃபைலின் உள்ளடக்கம் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி ரிப்போர்ட் எழுதினேன். பொய் ஒன்றும் இல்லையே என்று சொல்லிக்கொண்டேன். சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் போகும்போது வண்டலூர் சந்திப்பில் கஸ்தூரி கேளம்பாக்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை. அதற்குள் சஸ்பென்ஷன் உத்தரவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்துவிடுவாளோ என்று நான் சீட்டில் தாழ்ந்து உட்கார்ந்துகொண்டேன். அத்தனை பெரிய வீரன் நான்.

ஆனால் அதற்கு முன்பே, தொழுகை முடிந்து வந்த கரீம் சார் டெஸ்ட் ரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டிருந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால். திரையில் புது மென்பொருளின் படம் பளிச்சென்று இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "எத்தனை மணிக்கு போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். அப்புறம் கம்ப்யூட்டரை முறையாக மூடாமல் சுவரிலிருந்து பிளக்கை நேராகப் பிடுங்கினார்.

"மூடச் சொன்னா, மூடறதுக்கு முன்னால அது இன்னும் பத்து விஷயம் எழுதும்," என்று கிசுகிசுத்தார்.

டிஸ்க்கைக் கழற்றினார். ஸ்க்ரூக்களை டிபன் பாக்ஸ் மூடியில் எண்ணிப் போட்டார். டிஸ்கின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி மெஷின் எண், தேதி, நேரம் எழுதி, தானும் கையெழுத்துப் போட்டு என்னையும் போடச் சொன்னார். மறுநாள் காலை அதை எங்கள் அறையில் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்று பூட்டினார். பிறகு முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை, காலி என்று சொல்லப்பட்ட இடங்களையும் விடாமல், ஒரு வெற்று டிஸ்கில் அப்படியே நகல் எடுத்தார். அசல் இரும்பு பீரோவுக்குள் போனது. நகலில்தான் தேடினார். கிடைத்ததை மூன்றாவதாக ஒரு டிஸ்கில் போட்டார்.

"மூணு டிஸ்க், சம்பத். இருந்தது ஒண்ணு, தேடறது ஒண்ணு, போடறது ஒண்ணு. இது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. தெரியாதவரா இருந்தா நான் கத்துக் கொடுத்திருப்பேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

கஸ்தூரியின் ஃபைல் டிஸ்கில் மூன்று துண்டு இடத்தைப் பிடித்திருந்தது. நான் குடியேற்றிய குறிப்புப் புத்தகம் இரண்டைத் தின்றிருந்தது. மூன்றாவது பிழைத்திருந்தது. அதில் கடைசி ஆறு நட்டுகளின் அளவுகள் மட்டும். லாட் எண், தேதி, அவள் பெயர் எல்லாம் முதல் துண்டோடு போயிருந்தன.

கரீம் சார் அந்த ஆறு வரியை அச்செடுத்து, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு என் ஒரு வரி ரிப்போர்ட்டை என் முன்னால் தள்ளினார்.

"என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க."

'ஃபைலின் மேல் வேறு தகவல் பதிந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். "அதுவா போய்ப் பதிஞ்சுதா?" என்றார். இரண்டாவதில் மென்பொருளின் மேல் பழியைப் போட்டேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தாளில்தான், 'நான் விதியை மீறி அதே டிஸ்கில் மென்பொருளை இன்ஸ்டால் செய்தேன். அதனால் ஃபைலின் முதல் இரண்டு பகுதிகள் அழிந்தன. அதற்கு முன் அந்த ஃபைல் அங்கே இருந்தது' என்று எழுதினேன். வேலை போய்விடும் என்று பயம். இந்தத் தடவை அவர் ஒரு பிழையும் திருத்தவில்லை.

பதினோராம் நாள் விசாரணை. ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் ஆபீசர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தரப் பிரிவு மேனேஜர், எதிரே கஸ்தூரி. அவள் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் கேட்டுக்குள் வந்தாள். நான் எழுதியதை நானே எழுந்து நின்று படித்தேன். படித்து முடித்தபோது அவள் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தரப் பிரிவு மேனேஜர் சிரித்தார். "இவரே கெடுத்துட்டாராம், இப்ப இவரே ஆறு வரி கொண்டு வந்திருக்காராம். அந்த ஆறு வரி எந்த லாட்டுதுன்னு யாருக்குத் தெரியும்? திரும்பி வந்த நட்டை யார் டெஸ்ட் பண்ணாலும் குறைவாத்தான் வரும். இவங்களே உக்காந்து எழுதியிருக்கலாமே சார்?"

நியாயமான கேள்விதான். என் பேச்சை நம்புவதற்கு நான் எந்தக் காரணத்தையும் விட்டு வைத்திருக்கவில்லை.

கரீம் சார் மெதுவாக எழுந்தார். "கவர் ஒட்டினபடியே இருக்கு. உள்ள இருக்கறதை இந்தப் பொண்ணு பாத்ததில்ல. அன்னிக்கே அவங்களை வெளிய அனுப்பிட்டீங்க. ஒண்ணு கேக்கறேன். இந்தப் பதினோரு நாள்ல, அந்த லாட்ல என்ன அளவு வந்துச்சுன்னு இவங்களை யாராவது கேட்டீங்களா?"

பர்சனல் ஆபீசர் தன் முன்னாலிருந்த காகிதங்களைப் புரட்டினார்; அப்படி ஒரு தாள் அதில் இல்லை.

"சொல்லுங்கம்மா. ஞாபகம் இருக்கறதைச் சொன்னா போதும்."

கஸ்தூரி எழுந்து நின்றாள். "மொத இருவத்திரண்டு பீஸ் முழுசா ஞாபகம் இல்ல சார். மிஷின்ல தப்போன்னு நடுவுல நிறுத்தி, தொடச்சி, அளவு தெரிஞ்ச மாஸ்டர் பிளாக் வச்சி செக் பண்ணேன். மிஷின் கரீட்டா இருந்துச்சு. அப்புறம் கடைசி பத்து பீஸை நாலு நாலு தபா போட்டேன். அந்தப் பத்தும் தெரியும்."

ஒரு தாளைக் கொடுத்தார்கள். பத்து எண்களையும் நிறுத்தாமல் எழுதினாள். பர்சனல் ஆபீசர் கவரைக் கிழித்தார். அவள் தாளில் கடைசி ஆறு எண்களை, ஐந்தாவதிலிருந்து, கரீம் சார் வாசிக்க, ஆபீசர் அச்சுத் தாளில் விரல் வைத்துக்கொண்டே வந்தார்.

"இருபத்தொன்பது."

"இருக்கு."

"இருபத்தெட்டரை."

"இருக்கு."

"முப்பது... முப்பத்திமூணு. இந்த ஒண்ணு மட்டும் பாஸ்."

"முப்பத்திமூணு இருக்கு," என்றார் பர்சனல் ஆபீசர். அவர் குரல் மாறிவிட்டது. மிச்ச இரண்டும் சரியாக இருந்தன. தரப் பிரிவு மேனேஜர் தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

சஸ்பென்ஷன் அன்றைக்கே ரத்தானது. ஃபைலை டெலீட் செய்தது யார் என்பது கடைசி வரை தெரியவில்லை. பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் ஒட்டி வைத்திருந்தால் எப்படித் தெரியும்? எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தமும் கிடைத்தன. குறைவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் நான் டெஸ்ட் ரூம் வாசலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தின் பாதியிலேயே கஸ்தூரி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"ஃபைலு போச்சுன்னு கூட எனக்கு அவ்ளோ இல்ல சார். அது மிஷினு. பதினோரு நாளு வூட்ல குந்திகினு இருந்தேன். 'இன்னாடி பண்ண'ன்னு எங்கம்மா கேட்டுச்சு, தெருவே கேட்டுச்சு. ஆனா இன்னா நம்பர் வந்துச்சுன்னு இங்க ஒருத்தர் கேக்கல. அன்னிக்கி நான் உங்க பின்னாலயேதான நின்னுகினு இருந்தேன்? நீங்க கூட மிஷினைத்தான் கேட்டீங்க."

எனக்கு முகம் எரிந்தது. பாக்கெட்டிலிருந்து பேனாவையும் ஒரு துண்டுச் சீட்டையும் எடுத்தேன்.

"இப்ப கேக்கறேம்மா. சொல்லு. அந்தப் பத்து நம்பரும் சொல்லு."

அவள் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு சார்?" என்றாள். அடுத்த லாட்டின் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.